ராடு மாற்றும் நேரம்

மின்வில் பற்றவைப்பு என்று பாடநூல்களும் ஆர்க் வெல்டிங் என்று பட்டறைகளும் சொல்லும் வேலையில், ஹோல்டரில் செருகிய ராடின் நுனிக்கும் ஒட்டவேண்டிய இரும்புக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியை மின்சாரம் தாண்டுகிறது. தாண்டும் இடத்தில் வெப்பம் 6,000 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும். இரும்பு உருக 1,538 டிகிரி போதும். உருக்கும் அந்த வெப்பத்தோடு கண்ணைத் தாக்கும் ஒளியும், நுரையீரலில் இறங்கும் புகையும், தூரமாய்ப் பறக்கும் பொறியும் சேர்ந்தே பிறக்கின்றன. இந்த வேலையின் ஆபத்துகளில் மின்சாரம் ஒன்றுதான் தொட்ட கணமே அடிக்கும். ஒளி நள்ளிரவில் வலிக்கும். துத்தநாகப் புகை சாயங்காலம் காய்ச்சலாக வரும். பொறி பட்டறையைப் பூட்டிப் போன பிறகு எரியத் தொடங்கும். எவர்சில்வர் புகை பல ஆண்டு கழித்து நோயாகலாம். இந்தத் தாமதம் தொழிலாளியை ஏமாற்றிவிடுகிறது. காலையில் செய்த தவறையும் இரவில் வந்த துன்பத்தையும் முடிச்சுப் போடாதவர், ‘இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே’ என்று மறுநாளும் அதையே செய்கிறார்.

புதுச்சேரி நகரின் வடக்கே, லாஸ்பேட்டைக்கும் முத்தியால்பேட்டைக்கும் அருகில் இருக்கும் கருவடிக்குப்பத்தை வெளியூர்க்காரர்கள் சித்தானந்தர் கோயிலைக் கொண்டும் பாரதியாரின் குயில்தோப்பைக் கொண்டும் அறிவார்கள். வெல்டிங் வேலைக்கு வருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கடல் பக்கத்தில் இருக்கிறது என்பது. உப்புக் காற்றில் சாதா இரும்பு நிற்காது. ரெட் ஆக்சைடு அடித்து மேலே பெயிண்ட் பூசிய ஜன்னல் கிரில்கூடச் சில ஆண்டுகளில் மூட்டுகளில் செதில் விடும். அதனால் மொட்டைமாடிக் கொட்டகைக்குத் துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. பைப்பையும், கேட்டுக்கும் மாடிப்படிக் கைப்பிடிக்கும் எவர்சில்வரையும் வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். துருவுக்குத் தப்புவதற்கான இந்தத் தேர்வு, ஒட்டுகிறவரின் மூச்சுக்குள் துத்தநாகத்தையும் குரோமியத்தையும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதே ஈரக்காற்று கேபிள் லக்கையும் ஹோல்டரின் ஸ்பிரிங்கையும் அரிக்கிறது. சித்திரை, வைகாசியில் கையுறை வேர்வையில் ஊறுகிறது. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில் தரை ஊறுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல் பறக்கவிட்ட கூரைத் தகடுகளைத் திரும்பப் பொருத்த ஊர் முழுதும் வெல்டரைத் தேடிய நாட்களைப் போல ஆபத்தான நாட்கள் இந்தத் தொழிலுக்கு இல்லை. ஈரச் சுவர், வழுக்கும் ஏணி, அறுந்து கிடக்கும் வயர், எல்லாவற்றுக்கும் மேல் அவசரம்.

பட்டறைகளில் இரண்டு வகை மெஷின் உண்டு. பழையது டிரான்ஸ்பார்மர், இரண்டு பேஸ் கொடுத்து 415 வோல்ட்டில் ஓட்டுவது, உருட்டிக்கொண்டு போகச் சக்கரம் வைத்தது. புதியது இன்வெர்ட்டர், வீட்டின் 230 வோல்ட் போதும், ஒரு கையால் தூக்கலாம். இரண்டும் செய்வது ஒரே வேலைதான்: வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டுவது. 12 கேஜ் என்று கடையில் கேட்டு வாங்கும் 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் வேண்டும். 10 கேஜ் என்னும் 3.15 மில்லிமீட்டர் ராடுக்கு 90 முதல் 130 ஆம்பியர். ஆம்பியர் எண்ணைப் பார்த்துத்தான் புதியவர்கள் பயப்படுகிறார்கள். உடம்பைக் கொல்வது அந்த எண் அல்ல. அது ராடுக்கும் இரும்புக்கும் இடையில் ஓடும் கணக்கு. உடம்புக்குள் எவ்வளவு ஓடும் என்பதைத் தீர்மானிப்பவை வோல்ட்டும் தோலின் ஈரமும்.

வில் எரிந்துகொண்டிருக்கும்போது ராடுக்கும், ஜாப் என்று பட்டறையில் சொல்லும் ஒட்டவேண்டிய இரும்புக்கும் இடையில் 20 முதல் 30 வோல்ட்டுக்குள்தான் இருக்கும். வில்லை அணைத்ததும் அது 60, 70, பழைய டிரான்ஸ்பார்மரில் 80 வோல்ட் வரையும் ஏறி நிற்கும். பளீரென்று எரியும் நேரத்தைவிட, வெளிச்சம் இல்லாத நேரத்தில்தான் ஹோல்டரில் மின்னழுத்தம் அதிகம். வெளிச்சம் நின்றால் ஆபத்தும் நின்றது என்று கண் சொல்கிறது; கண் சொல்வது தவறு. ராடு தீர்ந்து, மிச்சத் துண்டை உதறிவிட்டு, புது ராடைச் செருகும் அந்தச் சில வினாடிகளில்தான் ஷாக் அதிகம் அடிக்கிறது. வெல்டர் முகத்தை மறைக்கும் ஷீல்டைக் கீழே வைத்திருப்பார். வியர்வையைத் துடைக்கக் கையுறையைக் கழற்றியிருப்பார். வெறும் கையால் ராடைப் பிடித்துச் செருகுவார். இடது முழங்கை ஜாபின்மேல் சாய்ந்திருக்கும். ஒரு கையில் ராடு, இன்னொரு கையில் ஜாப் என்றால் நடுவில் இருப்பது நெஞ்சு.

கணக்கு எளிது. உலர்ந்த தோல் மின்சாரத்தை நன்றாகவே தடுக்கும். வியர்வையில் நனைந்த உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 80 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 80 மில்லி ஆம்பியர். வீட்டு மின்சாரம் போன்ற மாறுமின்சாரத்தில் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கை விடாமல் இறுகத் தொடங்கும். 50-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே குலையக்கூடும். ‘வெல்டிங் ஷாக் சும்மா சுருக்குன்னு இருக்கும்’ என்று பட்டறையில் சொல்வது காய்ந்த கைக்கு உண்மை. அதே ஆள், அதே மெஷின், அதே ஹோல்டர். ஒரு மே மாத மதியம் மட்டும் போதும், அந்தச் சொல் பொய்யாக.

அதனால் காய்ந்த தோல் கையுறை இரண்டு ஜோடி வேண்டும். ஒன்று நனைந்ததும் வெயிலில் போட்டுவிட்டு மற்றதை மாட்ட வேண்டும். ஈரத் தரையில் வேலை என்றால் காலடியில் காய்ந்த பலகையோ ரப்பர் விரிப்போ போட வேண்டும். ஹோல்டரின் பிடி வெடித்து உள்ளே செம்பு தெரிந்தால் டேப் சுற்றிச் சமாளிக்காமல் ஹோல்டரையே மாற்ற வேண்டும். ஒரு நாள் கூலியில் அடங்கும் செலவு அது. ராடு மாற்றும்போது ஹோல்டரை அக்குளில் இடுக்கிக்கொள்வது நல்ல கைவேலைக்காரர்களிடமும் காணும் பழக்கம். உடம்பிலேயே வேர்வை அதிகம் உள்ள இடத்தில், இதயத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்கு அதைவிடத் தவறான பொருள் இல்லை. ஒரு மரக்கட்டையில் கொக்கி அடித்து அருகில் வைத்தால் ஹோல்டருக்கு இடம் கிடைத்துவிடும்.

தண்ணீர்த் தொட்டிக்குள், படகின் இரும்பு வயிற்றுக்குள், பைப்புகளுக்கு நடுவே குறுகி உட்கார்ந்து செய்யும் வேலையில் முதுகும் தொடையும் இரும்பிலேயே பட்டுக்கொண்டிருக்கும். அங்கே மாறுமின்சார டிரான்ஸ்பார்மர் கூடாது. நேர்மின்சார இன்வெர்ட்டர், அதிலும் வில் அணைந்ததும் வோல்ட்டைத் தானாக இறக்கிவிடும் வி.ஆர்.டி. அமைப்பு உள்ளது, கொண்டுபோக வேண்டும். ஸ்விட்ச்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வெளியே நிற்க வேண்டும். உள்ளே இருப்பவரின் கை இறுகிவிட்டால் அவரால் கத்தவும் முடியாது. உள்ளே விளக்கும் 24 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்று 1948-இன் தொழிற்சாலைகள் சட்டமே 36-ஏ பிரிவில் எழுதியது.

‘எர்த்’ என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு வயர்களைக் குறிப்பதால் வரும் குழப்பம் தனியே சொல்லத்தக்கது. மெஷினிலிருந்து ஜாபுக்குப் போய்க் கிளிப் போடும் தடித்த கேபிள், மின்சாரம் திரும்பிவரும் பாதை. மெஷினின் தகர உடம்பிலிருந்து மூன்றாவது பின் வழியாக மண்ணுக்குப் போகும் பச்சை வயர், பாதுகாப்புக்கான எர்த். முதலாவதை எங்காவது வசதியான இடத்தில், வீட்டின் ஜன்னல் கம்பியிலோ தூணின் கம்பியிலோ மாட்டிவிட்டு, பத்தடி தள்ளி கேட்டை ஒட்டினால் 100 ஆம்பியரும் தனக்குத் தோன்றிய வழியில் திரும்பும். பக்கத்தில் கிடக்கும் கிரைண்டரின் எர்த் வயர் வழியாகவும் போகும். அந்த மெல்லிய வயர் உள்ளுக்குள் கருகி அறுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த வாரம் அந்தக் கிரைண்டரில் கசிவு வரும்போது காப்பாற்ற எர்த் இருக்காது. கிளிப்பை ஒட்டும் இடத்துக்கு ஓரடி இரண்டடிக்குள், துருவைச் சுரண்டிவிட்டுப் போடுவது ஒன்றே இதற்கு வழி. வண்டியில் ஒட்டும் வேலை என்றால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும்.

மெஷினுக்குள் போகும் பக்கம் இதைவிடக் கொடியது. அங்கே 230 அல்லது 415 வோல்ட். பிளக் இல்லாத வயரைச் சாக்கெட்டில் செருகி, நழுவாமல் தீக்குச்சி வைத்து இறுக்குவதை இன்றும் காணலாம். வீட்டுக்காரரின் மீட்டர் பெட்டியில் பியூஸைக் கழற்றி நேரே கொக்கி போடுவதும் உண்டு. மூன்று பின் இண்டஸ்ட்ரியல் பிளக்கும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் ஒரு பெட்டியில் அடக்கி, மெஷினோடு எப்போதும் எடுத்துச் செல்லலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்.சி.சி.பி. காப்பது உள்ளே போகும் பக்கத்தை மட்டுமே. ஹோல்டர் பக்கம் டிரான்ஸ்பார்மரால் பிரிக்கப்பட்டிருப்பதால், ராடில் அடிக்கும் ஷாக்கை அது உணராது, துண்டிக்கவும் செய்யாது. பெட்டி இருக்கிறது என்று கையுறையைக் கழற்றக் கூடாது. இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் கிரைண்டிங் நடக்கும் இடத்தை விட்டு மெஷினைத் தள்ளி வைக்க வேண்டும்; அதன் விசிறி இரும்புத் தூளை உள்ளே இழுத்துச் சர்க்யூட்டின்மேல் படிய வைக்கும்.

ஒளிக்கு வருவோம். வில்லிலிருந்து வரும் புற ஊதாக் கதிரைக் கண்ணின் முன்திரையான கருவிழிப் படலம் உறிஞ்சி வெந்துபோகிறது. வெந்தது அப்போது தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் தூக்கத்தின் நடுவில், கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் எரிச்சல் வரும். நீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. இது வெல்டருக்கு வருவதைவிட அவருடைய கையாளுக்கு அதிகம் வருகிறது. ஷீல்டு ஒன்றுதான் இருக்கும். அது ஒட்டுகிறவர் கையில். ஜாபை அசையாமல் பிடித்திருக்கும் பையன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வெள்ளையடித்த சுவர் அந்த ஒளியைத் திருப்பி அவன் கண்ணிலேயே போடும். இரவில் அழுதுவிட்டுக் காலையில் வந்து ‘அண்ணே, கண்ணத் தொறக்க முடியல’ என்பான். எல்லாருக்கும் வருவதுதான் என்று தேற்றுவார்கள். எல்லாருக்கும் வருவது உண்மை. வரவேண்டியதில்லை என்பதும் உண்மை. இரண்டாவது ஷீல்டு வாங்குவதற்கு ஆகும் பணத்தைவிட, வேலைக்கு வராத அவனுடைய இரண்டு நாளின் கூலி அதிகம்.

முழுதாக ஒட்டும் முன் அங்கங்கே புள்ளியாக ஒட்டி நிறுத்தும் டேக் போடும்போது ஷீல்டு பிடிக்காமல் கண்ணை இறுக மூடிக்கொள்வது இன்னொரு பழக்கம். ஜாபைப் பிடிக்க ஒரு கை, ஹோல்டருக்கு ஒரு கை என்றாகிவிட்டால் ஷீல்டுக்குக் கை இல்லை என்பது அதற்கான காரணம். இமை மூடும் கணத்துக்கு முன்பே ஒளி உள்ளே போய்விடுகிறது; ஒரு கேட்டுக்கு நாற்பது ஐம்பது டேக் என்றால் அத்தனை முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. தலையில் மாட்டும் ஹெல்மெட் இதற்கு விடை. வில் பற்றியதும் தானே கறுக்கும் கண்ணாடி கொண்ட ஹெல்மெட் 1981-இல் ஸ்வீடனில் விற்பனைக்கு வந்தது. இப்போது சிறு பட்டறைக்கும் எட்டும் விலையில் கிடைக்கிறது. கண்ணாடியின் கருமைக்கு எண் உண்டு: 100 ஆம்பியர் வரையான வேலைக்கு 10, அதற்கு மேல் 175 வரை 11. காஸ் வெல்டிங்குக்கான 5-ஆம் எண் கண்ணாடி ஆர்க்குக்கு உதவாது. சாலையோரக் கூலிங் கிளாஸ் எதற்கும் உதவாது. கண்ணாடி விரிசல் விட்டால் அன்றே மாற்ற வேண்டும்.

கண் எரிச்சல் வந்துவிட்ட பிறகு செய்வதிலும் தவறுகள் உண்டு. தாய்ப்பால், வெங்காயச் சாறு, விளக்கெண்ணெய் என்று ஊற்றுவது புண்ணான இடத்தில் கிருமியைச் சேர்ப்பதாகிவிடும். அதைவிட மோசமானது மருந்துக்கடையில் வாங்கும் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து. விட்ட நொடியில் வலி போய்விடும். அதனால் பாட்டிலைப் பையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். திரும்பத் திரும்ப விட்டால் படலம் ஆறாமல் புண் ஆழமாகிப் பார்வையே மங்கும். மூடிய கண்ணின்மேல் குளிர்ந்த ஈரத்துணி, இருட்டு அறை, கண் மருத்துவர், இவ்வளவுதான். புதுச்சேரிக்காரருக்குக் கோரிமேட்டில் ஜிப்மரும் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கின்றன. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆறாவிட்டால் கண்ணில் வேறேதோ, பெரும்பாலும் கிரைண்டர் துகள், தைத்திருக்கிறது என்று பொருள்.

சாலையோரத்தில் வேலை நடந்தால் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். பார்க்காதே என்று விரட்டினால் இன்னும் பார்ப்பார்கள். ஒரு பழைய தகரத்தைக் கறுப்படித்து மறைப்பாக நிறுத்துவது சுலபம்.

புகையைப் பற்றி இந்தக் கடலோர ஊருக்கென்று சொல்லவேண்டியது ஜி.ஐ. பைப். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துவிடும். இரும்பு உருகும் முன்பே மேலுள்ள பூச்சு ஆவியாகி, காற்றில் வெள்ளைப் பஞ்சாக மிதக்கும். அதை இழுத்தவருக்குச் சில மணி நேரத்தில் வாயில் இனிப்பும் இரும்பும் கலந்த சுவை, பிறகு குளிர், காய்ச்சல், மூட்டுவலி. விடிந்தால் சரியாகிவிடுவதால் மழையில் நனைந்த காய்ச்சல் என்றே நினைப்பார்கள். தினமும் வேலை செய்பவருக்கு உடம்பு தற்காலிகமாகப் பழகி, ஞாயிறு ஓய்வுக்குப் பின் திங்களன்று திரும்பக் கடுமையாக வரும். வேலைக்கு முன் பால் குடித்தால் தாங்கும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. பால் வயிற்றுக்குப் போகிறது. புகை நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் சந்திப்பதில்லை. பால் குடிக்கட்டும், உடம்புக்கு நல்லது. ஆனால் குடித்துவிட்டோம் என்று புகையில் முகத்தை வைக்கக் கூடாது.

செய்ய வேண்டியது, ஒட்டும் இடத்தின் இரு பக்கமும் ஓர் அங்குலம் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு ஒட்டுவது. ஒட்டும் தரமும் கூடும். மூட்டின்மேல் நேராகக் குனியாமல் சற்றே விலகி, காற்றுப் பக்கவாட்டில் ஓடும்படி உட்கார வேண்டும். கருவடிக்குப்பத்தில் வெயில் நாட்களின் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று கிளம்பும். அதைப் பார்த்து ஜாபைத் திருப்பிப் போடத் தெரிந்தவருக்குப் பாதி விசிறிச் செலவு மிச்சம். மூக்கில் கட்டும் கைக்குட்டை இந்தப் புகையைத் தடுக்காது; அதன் துகள்கள் துணியின் இழைகளுக்கு இடையே எளிதில் நுழைபவை. என்95 வகை முகமூடி துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. எவர்சில்வர் புகையில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது. வெல்டிங் புகையையும் வெல்டிங்கின் புற ஊதாக் கதிரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-இல் சேர்த்தது. மூடிய அறையில் எவர்சில்வர் வேலையே செய்யக் கூடாது.

வெடிப்பு பற்றி. காலி டிரம் நிறைந்த டிரம்மைவிட ஆபத்தானது. நிறைந்ததில் எண்ணெய் இருக்கிறது; காலியானதில் எண்ணெயின் ஆவியும் காற்றும் கலந்து இருக்கின்றன, வெடிக்கத் தேவையானது அந்தக் கலவைதான். பெட்ரோல் ஆவி காற்றில் ஒன்றரை சதவீதத்தை எட்டினாலே போதும். எரியும் பொருள் இருந்த தொட்டியை அதை முற்றிலும் நீக்காமல் ஒட்டவோ வெட்டவோ கூடாது என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 37-ஆம் பிரிவு சொன்னது. கழுவியாகிவிட்டது, மோந்து பார்த்தாயிற்று என்பதெல்லாம் போதாது. தகட்டின் மடிப்பில் ஒட்டிய எண்ணெய் சூடு பட்டதும் திரும்ப ஆவியாகும். மூடிகளைத் திறந்துவிட்டு, ஒட்டும் இடத்துக்குக் கொஞ்சம் கீழ்வரை தண்ணீர் நிரப்பி ஒட்டுவது பழைய வழி. வேலையை மறுத்துவிடுவது அதைவிட நல்ல வழி. கேட்டுக்குப் போடும் சதுரப் பைப்பின் இரு முனையும் அடைபட்டால் உள்ளே சிக்கிய காற்றும் ஈரமும் சூட்டில் விரியும். கடைசி மூட்டை மூடும்போது உருகிய இரும்பை முகத்தில் துப்பும். தெரியாத பக்கத்தில் ஒரு சிறு துளை போட்டால் தீர்ந்தது.

காஸ் கட்டிங் செட் வைத்திருப்பவர் இரவில் டியூபை மூடிய இடத்துக்குள் விட்டுப்போகக் கூடாது. 2018 பிப்ரவரி 13 அன்று கொச்சியில் பழுதுபார்ப்பில் இருந்த ‘சாகர் பூஷண்’ என்ற எண்ணெய்த் துளைப்புக் கப்பலில் கசிந்து தேங்கிய வாயு வெடித்து ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள்.

கிரைண்டர் தனிக் கட்டுரைக்கு உரியது. ஏ.ஜி.4 என்று சொல்லும் நான்கு அங்குலக் கிரைண்டரில் வீலை மறைக்கும் கார்டை, உள்மூலைக்கு எட்டவில்லை என்று கழற்றிவிட்டால் திரும்ப மாட்டுவதே இல்லை. நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும் வீல் உடைந்தால் துண்டு எங்கே போகும் என்பது கார்டின் கையில் இருக்கிறது. வீலின் மேல் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். பார்த்து வாங்க வேண்டும்.

உடை பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் சூட்டில் உருகும். உருகித் தோலோடு ஒட்டும். பேன்ட்டின் கீழ்மடிப்பும் திறந்த சட்டைப்பையும் பொறிக்குத் தொட்டில். பையில் லைட்டர் கூடாது. லுங்கியும் செருப்பும் உட்கார்ந்து வேலை செய்ய வசதி என்பது உண்மைதான். காலில் விழுந்த கசடு செருப்பு வாருக்கும் தோலுக்கும் நடுவில் சிக்கினால் உதறவே முடியாது.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தை 1948-இன் சட்டம் தொழிற்சாலை என்றே எண்ணவில்லை. கருவடிக்குப்பம் போன்ற இடங்களின் பட்டறைகள் இரண்டு மூன்று பேரால் நடப்பவை. எந்த ஆய்வாளரும் வந்து பார்க்கும் கணக்கில் இல்லாதவை. வெல்டிங் பாதுகாப்புக்கென்று ஐ.எஸ். 818 என்ற இந்தியத் தரம் 1968-லேயே இருந்தது. திருச்சி பெல் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. இத்தனைக்கும் நடுவில், பள்ளியை விட்டு நேரே பட்டறைக்கு வந்து, கையாளாக நின்று கற்றவர்கள்தான் வீடுகளுக்கு வந்து ஒட்டுகிறார்கள். அவர்களுக்கு விதி என்பது குரு செய்ததே. குரு கண்ணை மூடி டேக் போட்டால் சீடனும் கண்ணை மூடுவான்.

ஷாக் அடித்துவிட்டால் ஆளைத் தொடக் கூடாது. முதலில் மெயினை நிறுத்த வேண்டும். மூச்சில்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். சுட்ட இடத்தில் இருபது நிமிடம் ஓடும் தண்ணீர்; டூத்பேஸ்ட், மை, மாவு எதுவும் கூடாது.

கடைசியாகத் தீ. பொறி பத்து மீட்டர் வரை ஓடும். மாடியில் ஒட்டினால் துளை வழியே கீழ்வீட்டு மெத்தையில் விழும். 1942 பிப்ரவரி 9 அன்று நியூயார்க் துறைமுகத்தில், பிரான்ஸின் பெருமையாக இருந்த ‘நார்மண்டி’ கப்பலை எரித்தது கட்டிங் டார்ச்சிலிருந்து தெறித்த பொறி. அது விழுந்த இடத்தில் இலவம்பஞ்சு அடைத்த உயிர்காப்பு அங்கிகள் குவிந்திருந்தன. இலவம்பஞ்சு மெத்தையும் கீற்றுக் கொட்டகையும் தேங்காய் நாரும் உள்ள நம் வீடுகளுக்கு இது வெகு தூரத்துச் செய்தி அல்ல. பஞ்சிலும் நாரிலும் விழுந்த பொறி சுடராமல் உள்ளுக்குள் கனன்று கொண்டிருக்கும். வேலை முடிந்த பின் அரை மணி நேரம் காவல் இருக்க வேண்டும் என்றிருந்த அமெரிக்கத் தீத்தடுப்பு விதி 2019-இல் அதை ஒரு மணி ஆக்கியது அதனால்தான்.

இங்கே அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி இல்லை. மூட்டு முடிந்ததும் மெஷினை வண்டியில் ஏற்றி அடுத்த வீட்டுக்குப் போனால்தான் வெல்டருக்கு அன்றைய கணக்குச் சரியாகும். ஆகவே இது வீட்டுக்காரரின் பொறுப்பும்கூட. வேலை தொடங்கும் முன் எரியக்கூடியதை அகற்றி, ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் வைத்து, மெயின் ஸ்விட்ச் எங்கே என்று வெல்டருக்குக் காட்டுங்கள். முடிந்ததும் ஒரு மணி நேரம் அவரை இருக்கச் சொல்லி, அந்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள்.